சக்கைக்கு மலையேறும் முன் சுண்ணாம்பைப் பாருங்கள்

ஹெம்ப் செடித் தண்டின் சக்கையைச் சுண்ணாம்போடு குழைத்து வீட்டுச் சுவர் எழுப்பலாம். அந்தச் சக்கையை ஏற்றிவர டன் கணக்கில் வாடகை பேசி முடித்தாயிற்று. உத்தரகாண்டின் யம்கேஷ்வர் பக்கத்து மலைக் கிராமத்தில் சரக்கைப் பார்த்ததும் பிக்கப் ஓட்டுநர், "இது ரெண்டு நடை" என்று இரட்டை வாடகை கேட்டார். எரிச்சல்தான். ஆனால் கணக்கு அவர் பக்கம்.

ஹெம்ப் சக்கை பஞ்சு மாதிரி. ஒரு கன மீட்டர் சுமார் 100 கிலோதான் தேறும். பத்துக்குப் பத்து அறை, ஒன்பதடி உயரம், ஓரடிச் சுவர், கதவு ஜன்னல் கழித்தால் சுமார் 300 கன அடி, அதாவது 8.5 கன மீட்டர். சக்கை 850 கிலோ. எடையில் ஒரு டன்கூட இல்லை, இடத்திலோ சுவரின் கன அளவையே அடைக்கும். வாடகையை எடையில் பேசாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: 'சணல்' என்று கேட்டால் சாக்கு தைக்கும் சணல்தான் வரும். நமக்கு வேண்டியது நாருக்காக வளர்க்கும் கஞ்சா இனச் செடி. உத்தரகாண்டில் போதை தரும் பொருள் 0.3 சதவீதத்துக்குள் இருந்தால் உரிமத்தோடு பயிரிடலாம். தண்டுச் சக்கை சட்டப்படி கஞ்சா ஆகாது. அதைச் சோதனைச் சாவடியில் வாயால் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. விவசாயியின் உரிம நகலும் பில்லும் வண்டியிலேயே இருக்கட்டும். பூவோ இலையோ ஒட்டியிருந்தால் ஏற்றவே வேண்டாம்.

கிராமங்களில் தண்டை நீரில் ஊறப்போட்டு, கையால் நாரை உரித்துவிட்டு, குச்சியை அடுப்பெரிக்க வைத்துக்கொள்கிறார்கள். அந்தக் குச்சிதான் நம் சரக்கு. மாட்டுத்தீவனம் வெட்டும் மெஷினில் அரை அங்குலம் முதல் ஓரங்குலத் துண்டாக்கி, சல்லடையில் தூசியை நீக்க வேண்டும். தூசி மிஞ்சினால் சுண்ணாம்பை எல்லாம் அதுவே தின்றுவிடும். கருத்த, பூஞ்சை வாடை அடிக்கும் கட்டுகளை ஓசியில் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

மதியச் சாப்பாட்டைச் சொல்லாமல் போக முடியாது. மண்டுவா ரொட்டி (நம்ம கேழ்வரகுதான்), கஹத் பருப்பு (நம்ம கொள்ளு), வறுத்த ஹெம்ப் விதையில் எலுமிச்சை பிழிந்து அரைத்த சட்னி. விதை போதை தராது; சட்னியின் ருசி வேறு கதை. நாலு ரொட்டி போனதே தெரியவில்லை.

இனி சுண்ணாம்பு. எல்லோரும் சக்கையைத் தேடித்தான் மலையேறுகிறார்கள், சுவர் உதிர்வதோ சுண்ணாம்பால். முசூரி மலையின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் பல 1980களில் உச்ச நீதிமன்ற வழக்கில் மூடப்பட்டன. டேராடூனில் கட்டுபவர் யமுனையைத் தாண்டி ஹிமாச்சலின் பாவ்ண்டா சாஹிப் பக்கம் போகலாம். சிர்மௌர் மாவட்டம் சுண்ணாம்புக்கல்லுக்குப் பேர் போனது. வியாபாரியிடம் "நல்ல சுண்ணாம்பா?" என்று கேட்டுப் பயனில்லை. கட்டடச் சுண்ணாம்புக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 712-இல் எந்த வகை என்று கேளுங்கள். சி வகை கொழுத்த சுண்ணாம்பு, அதாவது கலப்பு குறைந்த சுத்தமான வகை. டி வகையில் மக்னீசியம் உண்டு. அது மெதுவாக நீறும், பூசிய பிறகு பொரிந்து துள்ளும்.

பணம் கொடுக்கும் முன் இரண்டு சோதனை. சுட்ட கல்லை வாளித் தண்ணீரில் போட்டால் சில நிமிடத்தில் கொதித்து உடைய வேண்டும்; சும்மா கிடந்தால் சரியாக வேகாதது, அல்லது காற்றுப்பட்டுச் செத்தது. நீறாக (தண்ணீர் பட்டுப் பொடியான சுண்ணாம்பு) வாங்கினால் ஒரு சிட்டிகையில் வினிகர் விடுங்கள். நுரை பொங்கினால் அது பழசு, இல்லையேல் சுண்ணாம்புக்கல் பொடி கலந்தது. வெள்ளையடிக்க விற்கும் மலிவு மூட்டையைக் கட்டுமானத்துக்கு வாங்குவது வீண்செலவு.

சுட்ட கல்லாக வாங்கினால் வண்டிச்செலவு குறையும்: 56 கிலோ கல் நீறினால் 74 கிலோ ஆகும். ஆனால் மழையில் நனைந்தால் வண்டியிலேயே கொதிக்கும், தீகூடப் பிடிக்கலாம். மழைக்காலத்தில் மூட்டை நீறே மேல். கண்ணாடி, கையுறை இல்லாமல் இரண்டையும் தொடாதீர்கள்.

வெறும் நீறு தடிச்சுவரின் உள்ளே இறுக மாதக்கணக்காகும். காற்று அங்கே எட்டாது. ஐரோப்பாவில் வழக்கமான கலவை ஒன்றில் 200 கிலோவுக்கு 150 கிலோ நீறு, 30 கிலோ தண்ணீரில் இறுகும் சுண்ணாம்பு, 20 கிலோ பொஸலானா (சுண்ணாம்போடு சேர்ந்து இறுகும் பொடி). நம் ஊரில் பொஸலானா என்றால் சுர்க்கி: மிதமாகச் சுட்ட செங்கல்லின் மாவு, முகப்பவுடர் பதத்துக்கு. சிமெண்ட்டைக் கலந்து தப்பிக்கப் பார்க்காதீர்கள்; சக்கை தண்ணீரை உறிஞ்சிவிடும், அதில் ஊறி வரும் சர்க்கரை சிமெண்ட்டை இறுகவும் விடாது.

சக்கை 100 கிலோ, மேற்படி கலவை 200 கிலோ, தண்ணீர் 300 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். இது ஒரு கன மீட்டருக்கு. பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், கட்டைவிரலால் அழுத்தினால் இரண்டு மூன்றாக உடைய வேண்டும், நீர் சொட்டக்கூடாது. மரச்சட்டத்தைச் சுற்றிப் பலகை அடைத்து, ஆறு ஆறு அங்குலமாகப் போட்டு லேசாகத் தட்டுங்கள். இந்தச் சுவர் பாரம் தாங்காது, பாரம் மரத்துக்கு. அடியில் ஓரடியாவது கல் கட்டு, மேலே நீண்ட இறவாணம். மறுநாள் பலகையைக் கழற்றலாம், பூச்சுக்கு ஆறு முதல் பத்து வாரம் பொறுக்க வேண்டும்.

வாடகைக் கதைக்கு வருவோம். மலைக்குச் சிமெண்ட் ஏற்றிப்போகும் பிக்கப்புகள் பெரும்பாலும் காலியாகத்தான் இறங்குகின்றன. முதல் நடைக்கு முழுப் பணம் அழுதோம். இரண்டாம் நடைக்கு அப்படி ஒரு வண்டியை மறித்துக் கேட்டதில் பாதி வாடகையில் முடிந்தது.