உறுதி இலக்கம் என்ற கட்டம்

பாடசாலையில் தரம் ஒன்றுக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும் விண்ணப்பக் காலம் வந்தால் என் கடையில் போட்டோகொப்பி மெஷின் சூடு ஆறாது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எட்டடி அகலக் கடை. கொப்பி, டைப்பிங், ரீலோட். அதைவிட முக்கியமான வேலை, தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது. அதற்கு நான் காசு வாங்குவதில்லை. கொப்பிக்கு மட்டும்தான்.

இந்த முறை வந்தவர்களில் ஒரு தங்கச்சியை மறக்க முடியவில்லை. கொழுந்து எடுக்கிறவள், புருஷன் கொழும்பில் கடைச் சிப்பந்தி. டவுனுக்கு வந்ததால் அன்றைக்கு அவளுக்குப் பேர் இல்லை, ஒரு நாள் சம்பளம் போனது. சொப்பிங் பேக் ஒன்றுக்குள் இன்னொரு சொப்பிங் பேக், அதற்குள் காகிதக் கட்டு. பக்கத்தில் மகன், முன்பல் இரண்டும் விழுந்திருந்தன.

“அண்ணே, இவனை டவுன் ஸ்கூல்ல போடணும். தோட்டத்து ஸ்கூல் அஞ்சாம் வகுப்போட முடியுது. பிறகு எங்க போறது?”

எழுத ஆரம்பித்தேன். தேர்தல் இடாப்பில் தாய் தகப்பன் இருவர் பெயரும் வருடாவருடம் இருக்கிறது. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் சரி. அடுத்தது வசிப்பிட உரிமைக்கான ஆவணம். உறுதி, அதாவது காணிப் பத்திரம், அதன் இலக்கம் எழுதும் கட்டத்துக்கு வந்ததும் பேனை நின்றுவிட்டது. அவள் இருப்பது லயத்தில், தோட்டம் கட்டிய வரிசை வீட்டில். அந்தக் காம்பிரா அவளுடையதும் இல்லை, அவளுடைய மாமியாருடையதும் இல்லை. தோட்டத்துக்குச் சொந்தம். சில தோட்டங்களில் ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் கொடுத்திருக்கிறார்கள். அவளுடைய டிவிஷனுக்கு அது இன்னும் வரவில்லை. தோட்ட ஆபீசில் வாங்கிய கடிதம் ஒன்று வைத்திருந்தாள். சொந்த உறுதிக்குக் கிடைக்கும் புள்ளி அந்தக் கடிதத்துக்குக் கிடைக்காது. கட்டத்தில் ஒரு கோடு போட்டேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெயர் பெற்ற அரசாங்கப் பாடசாலையில் தரம் ஒன்றில் இடம் பங்கிடும்போது, பாடசாலைக்குக் கிட்ட இருப்பவர்களுக்கு 50 வீதம், பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு 25 வீதம், ஏற்கனவே படிக்கும் பிள்ளைகளின் தம்பி தங்கைகளுக்கு 15 வீதம். மிச்சம் கல்வித்துறை ஊழியர்கள், இடமாற்றம் பெற்று வந்தவர்கள், வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள். இதைச் சொல்லும் கல்வி அமைச்சின் சுற்றறிக்கையை எத்தனை தரம் வாசித்தாலும் தோட்டத்துப் பிள்ளையைச் சேர்க்காதே என்று ஒரு வரி கிடையாது. கிட்ட இருப்பதை எதை வைத்து நிரூபிப்பது? தேர்தல் இடாப்போடு உறுதியையும் வைத்து. பழைய மாணவர் யார்? டவுன் ஸ்கூலில் படித்தவர். எங்கள் அம்மா அப்பா படித்தது லயத்துக்குப் பின்னாலிருந்த ஒற்றை மண்டபத்தில். இன்னொன்றும் இருக்கிறது. பிள்ளையின் வீட்டுக்கு இன்னும் கிட்ட வேறு அரசாங்கப் பாடசாலை இருந்தால் அதற்காகப் புள்ளி குறையும். ஐந்தாம் வகுப்போடு நிற்கிற தோட்டத்துப் பாடசாலை, லயத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரே காரணத்துக்காக, டவுன் ஸ்கூலுக்குப் போகிற வழியில் குறுக்கே நிற்கிறது.

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் ஒரு அசைன்மென்ட். எங்கள் டவுன் பிள்ளை ஒருத்தி பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் படிக்கிறாள். அரசாங்கக் காசில் தனி அமைப்புகள் நடத்தும் அமெரிக்காவின் சார்ட்டர் பாடசாலைகள் பற்றி இருபது பக்கம் கையால் எழுதிக்கொண்டு வந்து டைப் பண்ணக் கொடுத்தாள். சாதாரணமாக நான் டைப் பண்ணும்போது எதையும் வாசிப்பதில்லை, விரல்தான் வாசிக்கும். இதில் ஓரிடத்தில் விரல் நின்றுவிட்டது.

ஓஹாயோ மாநிலத்தில் ஒரு கறுப்பினத் தாய். தன் இரண்டு பெண் பிள்ளைகளையும் நல்ல பாடசாலையில் சேர்ப்பதற்காகத் தன் தகப்பனுடைய விலாசத்தைக் கொடுத்திருக்கிறாள். 2011 இல் அது குற்றம் என்று தீர்ப்பு. ஒன்பது நாள் சிறையில் இருந்தாள். பிறகு மாநில ஆளுநர் குற்றத்தின் கனத்தைக் குறைத்தாராம். ‘டவுன்ல இருக்கிற மாமாட விலாசத்தைப் போடுவோமா அண்ணே’ என்று என்னிடமும் கேட்பவர்கள் உண்டு. பொய் எழுதமாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிடுவேன். அனுப்பிய பிறகு அன்றைக்குச் சோறு இறங்காது.

அன்றிரவு அந்தக் கல்லூரிப் பிள்ளையின் இருபது பக்கத்தையும் ஒழுங்காக வாசித்தேன், பிறகு போனில் தேடியும் வாசித்தேன். நிறத்தை வைத்துப் பாடசாலையைப் பிரிப்பது அரசியலமைப்புக்கு முரண் என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1954 இல். அதோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். வேர்ஜீனியா மாநிலத்தில் பிரின்ஸ் எட்வர்ட் என்ற கவுண்டி, அதாவது மாவட்டம், இரண்டு நிறப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்கார வைப்பதைவிடப் பூட்டுவது மேல் என்று 1959 இல் தன் அரசாங்கப் பாடசாலைகள் எல்லாவற்றையும் பூட்டியது. ஐந்து வருடம். வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பாடசாலை எழும்பியது. கறுப்புப் பிள்ளைகளில் பலர் அந்த ஐந்து வருடமும் வகுப்பறையையே காணவில்லை. முதலாம் வகுப்புக்குப் போக இருந்த பிள்ளை ஆறாம் வகுப்பு வயதில் அரிச்சுவடி எடுக்கிறது. இதை வாசிக்கும்போது முன்பல் விழுந்த முகம்தான் கண்ணுக்குள் வந்தது.

1974 இல் டெட்ராய்ட் வழக்கு. நகரத்துக்குள் கறுப்புப் பிள்ளைகள், சுற்றியிருந்த புறநகரங்களில் வெள்ளைப் பிள்ளைகள். புறநகரங்களையும் சேர்த்துக் கலக்க முடியாது, எல்லை எல்லைதான் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த நாட்டில் பாடசாலைக் காசில் ஒரு பெரிய பங்கு வீட்டு வரியிலிருந்து வருகிறது. ஆகவே நிறம் என்று யாரும் வாய் திறக்க வேண்டியதில்லை. வீடு எங்கே என்று கேட்டால் போதும்.

சார்ட்டர் பாடசாலை இதற்குப் பிறகு வந்த ஏற்பாடு. 1991 இல் மினசோட்டா மாநிலம் முதலில் சட்டம் கொண்டுவந்தது. காசு அரசாங்கத்துடையது, நடத்துவது தனி அமைப்பு, கட்டணம் கிடையாது, இடத்தைவிட விண்ணப்பம் கூடினால் குலுக்கல். விலாசத்தை உடைக்க ஒரு வழி என்று பல கறுப்பினத் தாய்மார் வரிசையில் நின்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பக்கத்துப் பாடசாலை உருப்படாவிட்டால் யார்தான் காத்திருப்பார்கள்? ஆனால் கறுப்பினத்தவரின் பழைய பெரிய அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி. 2016 இல் புதிய சார்ட்டர் பாடசாலைகளை நிறுத்தி வையுங்கள் என்று கேட்டது. காசு அங்கே போகப் போகப் பழைய பாடசாலையில் மிஞ்சிய பிள்ளைகளின் கதி என்ன என்பது அவர்கள் கவலை. எனக்கு அந்தக் கவலைதான் பெரிதாகப் படுகிறது. குலுக்கலுக்கும் ஒரு விண்ணப்பம் வேண்டும். அதை நிரப்ப ஒரு ஆள் வேண்டும், ஒரு நாள் லீவு வேண்டும். அதற்கு வழியில்லாதவர்களின் பிள்ளைக்குப் பக்கத்தில் இருப்பதுதான் பாடசாலை. முதலில் அதைத் திருத்து என்கிறேன்.

நான் படித்ததும் அப்படியொரு பாடசாலையில். 1985 இல் சேர்ந்தேன். ஒரே மண்டபம், ஐந்து வகுப்பு, இரண்டு வாத்தியார். மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பதை ஒன்றாம் வகுப்பிலிருந்தே கேட்டுப் பாடமாக்கியவன் நான். பிறகு சுவீடன் நாட்டு உதவியில் கட்டடம் வந்தது. கூரை ஒழுகுவது நின்றது, வகுப்பு மட்டும் ஐந்துக்கு மேல் ஏறவில்லை. எங்கள் நாட்டின் 1907 ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத்துரைமார் 6 முதல் 10 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்குப் படிப்புக் கொடுக்க வேண்டும் என்றது. பத்து வயதுக்குப் பிறகு கொழுந்துக் கூடைதான். இலவசக் கல்வி 1945 இல் நாடு முழுக்க வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் துரைமார் கையிலேயே இருந்தன. அரசாங்கம் எடுக்கத் தொடங்கியது எழுபதுகளில். சட்டம் போய்ப் பல காலம். ஆனால் இன்றைக்கும் மூன்றாம் வகை என்று அரசாங்கம் பிரித்திருக்கும் சிறிய வகுப்புப் பாடசாலை ஒன்று ஐந்தாம் வகுப்போடு நிற்கும்போது, அந்தப் பிள்ளைக்கு வயது பத்து.

அந்தத் தங்கச்சிக்குப் பதில் வந்தது. இடமில்லை. மேன்முறையீடு எழுதக் கடைக்கு மறுபடி வந்தாள், மறுபடி ஒரு நாள் பேர் போனது. கட்டைப் பிரித்து மேசையில் பரப்பினாள். அடியில் நாலாக மடித்த, ஓரமெல்லாம் பழுத்துப்போன ஒரு காகிதம். அவளுடைய பாட்டியின் பிறப்புச் சான்றிதழ், 1931. பிறந்த இடம் அதே தோட்டம், அதே டிவிஷன். எங்கள் ஆட்கள் பழைய காகிதத்தை எறிவதில்லை. 1948 குடியுரிமைச் சட்டம் தகப்பன் எங்கே பிறந்தான், பாட்டன் எங்கே பிறந்தான் என்று கேட்ட நாளிலிருந்து வந்த பழக்கம். காட்டக் காகிதம் இல்லாமல் எத்தனை பேர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள்!

“இதுவும் வேணுமா அண்ணே?”

சுற்றறிக்கை கேட்கும் ஆவணங்களில் அது இல்லை. தாள் கிழிந்துவிடுமே என்று மெதுவாகக் கண்ணாடியில் வைத்து இரண்டு கொப்பி எடுத்தேன். ஒன்றை மேன்முறையீட்டின் முதல் பக்கத்துக்குப் பின்னால் பின் அடித்தேன். தபால் கந்தோர் மூட இன்னும் இருபது நிமிடம் இருந்தது. பையனை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு அவள் பதிவுத் தபாலில் போட ஓடினாள்.