அமிபுரோக்கர் பேச்சு அலர்ட்: குறுக்கே வெட்டாமல் பேச வைத்த கதை

பங்குச் சந்தை சார்ட் மென்பொருளான அமிபுரோக்கரில் பேச்சு அலர்ட் (சிக்னல் வந்தால் குரலில் சொல்வது) வைப்பது ஒரே வரி வேலை. அதன் நிரல்மொழியான ஏஎஃப்எல்-இல் 'சே' ஃபங்ஷனுக்குள் வாக்கியத்தைக் கொடுத்தால் விண்டோஸின் குரல் படித்துவிடும். ஒரே ஒரு சார்ட் திறந்திருந்தால் தொல்லை தெரியாது. பதினைந்து நிமிட கேண்டிலில் (அந்த நேரத்தின் விலை நகர்வைக் காட்டும் பட்டை) பல பங்குகளைக் கவனிக்கும்போதுதான் வரும். தேசியப் பங்குச் சந்தை 9.15-க்குத் தொடங்குகிறது, 9.30-க்கு எல்லாப் பங்குக்கும் முதல் கேண்டில் ஒன்றாக முடிகிறது. "டாடா ஸ்டீ..." என்னும்போதே "இன்ஃபோ..." குறுக்கே விழும், அதை ஐடிசி தள்ளிவிடும். கடைசிச் செய்தி மட்டும் முழுசாகக் கேட்கும்.

காரணம் 'சே'யின் இரண்டாவது பாராமீட்டர், பர்ஜ். எழுதாமல் விட்டால் அது ட்ரூ. புதுச் செய்தி வந்தால் பழையதை நிறுத்திவிடும். ஒற்றை அலர்ட்டுக்கு அதுதான் சரி. ஃபால்ஸ் கொடுத்தால் செய்திகள் வரிசையில் நிற்கும். மாற்றினேன், வெட்டு நின்றது.

அப்புறம்தான் உண்மையான வேலை. ஏஎஃப்எல் ஃபார்முலா ஒரு தடவை ஓடி முடிவதில்லை. சார்ட் புதுப்பிக்கும்போதெல்லாம், க்ளிக் செய்தாலும் நகர்த்தினாலும், முதலிலிருந்து ஓடும். ட்ரூவாக இருந்தவரை ஒரே செய்தியின் நகல்கள் ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டன. ஃபால்ஸ் ஆனதும் அத்தனையும் ரேஷன் கடை வரிசை மாதிரி நின்று, ஐடிசி ஐடிசி என்று ஓயவே இல்லை.

இதற்கு ஸ்டாட்டிக் வேரியபிள்தான் வழி. சாதாரண வேரியபிள் ஒவ்வொரு ஓட்டத்திலும் அழிந்துவிடும், ஸ்டாட்டிக் மென்பொருளை மூடும்வரை இருக்கும். எந்த கேண்டிலுக்குப் பேசினோம் என்ற தேதி நேரத்தை, பங்கின் பெயரைச் சேர்த்த சாவியில் (வேரியபிள் பெயரில்) வைத்தேன். அதே கேண்டில் மறுபடி வந்தால் மௌனம். தேதியை எழுத்தாக வைத்தேன். ஓடிக்கொண்டிருக்கும் கேண்டிலில் சிக்னல் வந்து வந்து மறையும் என்பதால், முடிந்த கேண்டிலை மட்டும்தான் பார்க்கிறேன்.

'வாய்ஸ்வெயிட்அன்டில்டன்' என்று ஒன்று இருக்கிறது. பேசி முடியும்வரை காத்திருக்கும். ஆனால் ஃபார்முலாவும் அங்கேயே நிற்கும். சந்தை ஓடும் நேரத்தில் அது எனக்கு வேண்டாம்.

வரிசை இருந்தாலும் நீளமான வாக்கியம் ஆபத்து. கடைசிப் பங்கின் பெயர் வருவதற்குள் விலை எங்கோ போயிருக்கும். அதனால் "ஐடிசி, அப்" அவ்வளவுதான். விலை திரையில் இருக்கிறது, அதை எதற்குச் சொல்ல வேண்டும்? குரல் வேகத்துக்கு மைனஸ் 10 முதல் 10 வரை இடம் உண்டு, 2 வைத்தேன். சந்தைக் குறியீடுகளைக் குரல் கண்டபடி உச்சரிப்பதால், ஒவ்வொன்றுக்கும் பேசும் பெயர் ஒன்றைத் தனியாக எழுதிக் கொடுத்தேன்.

ஓர் இடத்தில் மட்டும் பர்ஜை வேண்டுமென்றே ட்ரூவாக விட்டிருக்கிறேன்: ஸ்டாப்லாஸ், அதாவது நஷ்டம் பெருகாமல் விற்று வெளியேற வைத்திருக்கும் விலை. கையில் இருக்கும் பங்கு அந்த விலையைத் தொட்டால் யார் பேசிக்கொண்டிருந்தாலும் வெட்டிவிட்டுச் சொல்ல வேண்டும். வரிசையில் நின்றவையும் அப்போது போய்விடும், போகட்டும். 'அலர்ட்இஃப்' மூலம் அவை அலர்ட் அவுட்புட் ஜன்னலில் எழுத்தாகப் பதிவாகின்றன.

அடுத்து 9.30 கூட்டத்தை ஒரே வாக்கியமாக்க வேண்டும். ஸ்கேன் (எல்லாப் பங்குகளிலும் சிக்னலைத் தேடும் ஓட்டம்) ஓடும்போது பெயர்களை ஒரு ஸ்டாட்டிக் எழுத்து வேரியபிளில் சேர்த்துக்கொண்டே போய், கடைசியில் "அப்: ஐடிசி, இன்ஃபோசிஸ், டாடா ஸ்டீல்" என்று ஒரே 'சே'. பாதி எழுதியாயிற்று.