ரீஃப் டேங்க் வீடு மாறியது. மணல் அதற்கு முன்பே கிளம்பிவிட்டது

பவளமும் கடல் மீனும் வளர்க்கும் உப்புத்தண்ணீர்த் தொட்டிதான் ரீஃப் டேங்க். மீனைக் கொல்லும் கழிவான அம்மோனியா அதில் பூஜ்யம். மேடவாக்கம் வந்த நாளிலிருந்து டெஸ்ட் குழாய் மஞ்சளை விட்டு நகரவில்லை. மீன் ஒன்றுகூடப் போகவில்லை. டோட்ஸ்டூல் லெதர் என்ற மென்பவளம் மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு தோல் உரித்துக்கொண்டிருக்கிறது. கல்லை நான்கு விரல் நகர்த்தினாலே அது அப்படித்தான் செய்யும். 4 அடிக்கு 2க்கு 2 டேங்க், சம்ப்போடு (கீழே இருக்கும் ஃபில்டர் தொட்டி), வில்லிவாக்கத்திலிருந்து நகரின் அந்தக் கோடிக்கு, மூன்றாவது மாடிக்கு. இதைப் பீற்றிக்கொள்ளாமல் வேறு எதைப் பீற்றிக்கொள்வது?

இதில் முக்கால் பங்கு புண்ணியம் மணலுக்கு. அதாவது, ஷிஃப்டிங் அன்று டேங்கில் அநேகமாக மணலே இல்லாததற்கு.

என் டேங்கில் 2 அங்குல அரகோனைட் (சுண்ணாம்பு வகை) மணல், பல வருடப் பழசு. முன்பக்கக் கண்ணாடியோரம் கறுப்புக் கோடு ஓடியிருந்தது. அது இரும்பு சல்ஃபைடு. கிளறினால் அழுகிய முட்டை வாடை, ஹைட்ரஜன் சல்ஃபைடு. அதற்குமேல் வருடக்கணக்கில் இறங்கிய கழிவு. இதையெல்லாம் வண்டி கீழே ஹாரன் அடிக்கும்போது வாரி எடுத்து, அன்றைக்கே புது வீட்டில் கொட்டி, அதன்மேல் மீனையும் விட்டால் அந்த விஷத்தில் மீன் மிஞ்சாது. ஷிஃப்டிங்கில் டேங்கில் எல்லாம் செத்துப்போன கதைகளில் பெரும்பாலும் இதுதான் வில்லன்.

வீட்டைக் காலி செய்ய வீட்டுக்காரர் சித்திரையிலேயே சொல்லிவிட்டார். ஆடி பிறந்தால் புது வீட்டில் கால் வைக்கமாட்டேன் என்று அம்மா. ஆக, ஆனி முடியும்வரை அவகாசம் கிடைத்தது. வாராவாரம் தண்ணீர் மாற்றும்போது மணலையே உறிஞ்சி எடுத்தேன், ஒரு தடவைக்கு ஒரு சாண் அகலம் மட்டும்.

ட்யூப் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கொத்தனார் லெவல் பார்க்கிற ட்யூப் இதற்கு ஆகாது, சிப்பித் துண்டு போய் அடைத்துக்கொள்ளும். ஹார்டுவேர் கடையில் முக்கால் இன்ச் ட்யூப் கேளுங்கள். ஆனால் அதில் தண்ணீர் கண்மூடித் திறப்பதற்குள் டிரம்மை நிரப்பிவிடும். அதனால் வெளிமுனையில் கட்டைவிரல் இருக்கவேண்டும். உள்முனையைச் சாய்த்து, அடிக்கண்ணாடியை உரசியபடி வைக்கவேண்டும். செங்குத்தாகப் பிடித்தால் ஒன்று அடைக்கும், இல்லையென்றால் வெறும் தண்ணீராக ஓடும். வேவ்மேக்கர், ரிட்டர்ன் பம்ப் என்று தண்ணீரை ஓட்டும் எல்லாம் ஆஃப். கறுப்புத் திட்டு வரும் இடத்தில் மேல் மணலை ஒதுக்காமல் ட்யூபைச் சாய்த்தபடியே உள்ளே இறக்கிவிட்டால், அந்தக் கசடு டேங்கில் பரவாமல் ட்யூபுக்குள்ளேயே போய்விடும். கல்லுக்கு அடியில் இருப்பதைத் தொடவேண்டாம், கல் சரியும். முடித்ததும் சம்ப்பில் புது கார்பன், ஸ்கிம்மரை (கழிவை நுரையாக வெளியேற்றும் கருவி) நுரை கொஞ்சம் தண்ணீராக வரும்படி ஓடவிடவேண்டும், மறுநாள் அம்மோனியா டெஸ்ட். அது சரியாக இருந்தால்தான் அடுத்த வாரம் அடுத்த சாண்.

மணலோடு அம்மோனியாவை முறிக்கும் பாக்டீரியாவும் போய்விடுமே என்பார்கள். போகட்டும். கல்லில் இருப்பது போதும். அப்படியே போதாமல் ஏதாவது தடுமாற்றம் வந்தாலும், அது பழைய வீட்டில், மற்றதெல்லாம் நிலையாக இருக்கும்போது, சமாளிக்க நேரம் இருக்கும்போது வரும். இந்த முறையின் லாபமே அதுதான்.

எடுத்த மணலை மொட்டைமாடியில் போர் தண்ணீரில் அலசினேன். முதல் தண்ணீர் வடித்த கஞ்சியாக வரும். போதுமா என்று பார்க்க ஊறுகாய் பாட்டில்: ஒரு கைப்பிடி மணல், தண்ணீர், குலுக்கி வைக்கவேண்டும். மணல் உட்கார்ந்த உடனே மறுபக்கச் சுவர் தெளிவாகத் தெரிந்தால் சரி, மங்கலாக இருந்தால் மறுபடி அலசல். கடைசியில் ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு முறை முக்கி எடுத்து, வெயிலில் சுக்காகக் காயவைத்தேன். கீழ்வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "கோலப்பொடியா தம்பி? ஒரு டப்பா குடேன்" என்றார். கொடுத்தேன். அரகோனைட்டில் கோலம் போட்ட முதல் வாசல் எங்கள் தெருவாகத்தான் இருக்கும்.

ஷிஃப்டிங் நாளைப் பற்றிப் பெரிதாக எழுத ஒன்றுமில்லை. முந்தின நாளே புது வீட்டில் 200 லிட்டர் உப்புத்தண்ணீர் கலக்கி, அடர்த்தியை 1.026க்குக் கொண்டுவந்தாயிற்று. ஏறத்தாழ ஏழரைக் கிலோ உப்பு. டிரம்மில் தண்ணீர் 31 டிகிரியில் நின்றது, சில்லர் (தண்ணீரைக் குளிரவைக்கும் கருவி) போட்டு 26க்கு இறக்கினேன். முதலில் பால் காய்ச்சல், அப்புறம்தான் டேங்க். அதில் அம்மாவிடம் பேச்சுக்கே இடமில்லை. குட்டி யானையில் கல்லெல்லாம் தண்ணீர் மூழ்க டப்பில், மீன்கள் தெர்மாகோல் பெட்டியில், பேட்டரி ஏர் பம்ப்போடு. கல்லை எடுத்து, தண்ணீரைக் கணுக்கால் அளவுக்கு இறக்கிய பிறகு மீன் பிடித்தால் வலைக்கு வேலையே இல்லை. ஸோவாந்தஸ் (பவளத்தின் உறவினம்) ஒட்டிய கல்லைத் தூக்க வந்த பையனுக்கு வலுக்கட்டாயமாகக் கையுறை மாட்டினேன், அதில் இருக்கக்கூடிய பாலிடாக்ஸின் விஷம் விளையாட்டல்ல. "தண்ணியை எதுக்கு சார் கேன் கேனா ஏத்துறீங்க, அங்க தண்ணி இல்லையா?" என்று பேக்கர்ஸ் ஆட்கள் கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

டேங்க் நிரம்பினால் மொத்தம் அரை டன்னைத் தாண்டும் என்பதால், பீம் ஓடும் சுவரோரமாகவே வைத்தேன். ஹாலுக்கு நடுவில் வைத்தால் அழகு என்ற வீட்டாரின் யோசனை அங்கேயே முடிந்தது.

ப்ரைம் (அம்மோனியாவைக் கட்டிப்போடும் திரவம்) ஊற்றிவிட்டு டெஸ்ட் பார்த்துப் பதறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நாம் வழக்கமாக வாங்கும் கிட் மொத்த அம்மோனியாவைக் காட்டும். ப்ரைம் கட்டிப்போட்ட அம்மோனியாவும் அந்தக் கணக்கில் வரும்.

மீன் கடைகள் நிறைந்த கொளத்தூர் தூரமாகிவிட்டதுதான் வயிற்றெரிச்சல். முன்பு மாலை நடையாகப் போய் உணவு வாங்கி வருவேன், இப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமையே போய்விடும். உப்பு பக்கெட் விலையைப் பற்றிப் பேசினால் இன்னும் எரியும். இந்தப் பக்கம் ஒரு கடையில் "மன்னார் கல், ஒரிஜினல்" என்று மன்னார் வளைகுடாப் பவளக் கல்லை ரகசியமாகக் காட்டினார்கள். கும்பிடு போட்டுவிட்டு வந்தேன். கல்பவளங்கள் 1972 வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. எனக்குக் காய்ந்த கல்லே போதும்.

இப்போது டேங்கின் வலப்பக்கம் மட்டும் மணல் இறங்கியிருக்கிறது, பி.வி.சி. குழாய் வழியாக, ஒரு அங்குலம் மட்டும். க்ளவுன் மீன் ஜோடி அந்தப் பக்கத்தைப் பட்டா போட்டுக்கொண்டுவிட்டது. இடப்பக்கம் இன்னும் வெறும் கண்ணாடி. நைட்ரேட் (கழிவின் கடைசி மிச்சம்) 10 பி.பி.எம்.முக்குக் கீழே இறங்கியதும் மீதியைப் போடவேண்டும். அதற்குள் சம்ப்பில் ஒரு தடுப்பு ஒட்டி ரெஃப்யூஜியம் (நைட்ரேட்டை உறிஞ்சும் பாசி வளர்க்கும் அறை) பார்த்துவிடலாம் என்று கை பரபரக்கிறது. தென்சென்னைப் பக்கம் அதற்கான கீட்டோ பாசி உபரியாக வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள், ஸோவாந்தஸ் குட்டி ஒன்று மாற்றாகத் தருகிறேன்.