மேலே லோகோ, அடியில் விஷயம்

டிசைன் சொதப்பல் படம் எதையாவது யாராவது அனுப்பினால், சிரித்து முடித்த கையோடு அது எங்கே சறுக்கியது என்று தேட ஆரம்பித்துவிடுவேன். அச்சுக்குப் பக்கம் அமைக்கிற வேலையில் பல வருடம் இருந்தால் கண் அப்படித்தான் போகும். பெரும்பாலும் ஒரே காரணம்தான் கிடைக்கிறது. செய்தவர் அதைத் தன் கம்ப்யூட்டர் திரையில் மட்டுமே பார்த்திருக்கிறார். அது போய்ச் சேரும் இடத்தில், சேரும் கையில் வைத்து ஒருவரும் பார்க்கவில்லை.

2017 ஆஸ்கர் விழாவை எடுத்துக்கொள்ளுங்கள். சிறந்த படம் ‘லா லா லேண்ட்’ என்று அறிவித்து, அந்தப் படக்குழு மேடையேறி நன்றி சொல்லிக்கொண்டிருக்கும்போதே, வென்றது ‘மூன்லைட்’ என்று திருத்தினார்கள். விருதை அறிவிக்க வந்த நடிகர் வாரன் பேட்டியின் கையில் சிறந்த நடிகைக்கான உறையைக் கொடுத்துவிட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. நான் அந்த உறைக்குள் இருந்த அட்டையின் படத்தைப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தேன். உச்சியில் ஆஸ்கர் என்று பெரிய எழுத்து. நடுவில் எம்மா ஸ்டோன் பெயரும் படத்தின் பெயரும். ‘சிறந்த நடிகை’ என்ற வரி? அட்டையின் அடிவிளிம்பில், பொடி எழுத்தில். ஆஸ்கர் மேடையில் நிற்பவருக்கு அது ஆஸ்கர் என்று அட்டை சொல்ல வேண்டியதில்லையே! அவருக்கு முதலில் தெரிய வேண்டியது எந்தப் பிரிவு என்பதுதான். அந்த வரி மேலே பெரிதாக இருந்திருந்தால், உறையைப் பிரித்த நொடியிலேயே “இது வேறு அட்டை” என்று சொல்லியிருப்பார். உறையும் சிவப்புத் தாளில் தங்க நிற எழுத்து. மேடை ஓரத்தில் அவசரத்தில் நிற்பவருக்கு அது எடுப்பாகத் தெரியாது. வாரன் பேட்டி தயங்கி, உறைக்குள் வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு கூட அறிவிக்க வந்து பக்கத்தில் நின்ற நடிகை ஃபே டனவேயிடம் காட்ட, அவர் கண்ணில் பட்ட படத்தின் பெயரைப் படித்துவிட்டார். வயதாகிவிட்டது என்று அந்த இருவரையும் கேலி செய்தவர்கள்மேல் எனக்கு இன்னமும் கோபம் உண்டு. 2018இல் பிரிவின் பெயரை உறையிலும் அட்டையிலும் பெரிதாக அச்சடித்தார்கள்.

டிராப்பிகானா கதை வேறு மாதிரி. ஆரஞ்சுப் பழத்தில் ஸ்ட்ரா செருகியிருக்கும் படம்தான் அந்த ஜூஸ் பெட்டியின் முகம். 2009 ஜனவரியில் அதை எடுத்துவிட்டு ஒரு கண்ணாடி டம்ளர் ஜூஸைப் போட்டார்கள், பெயரையும் செங்குத்தாகத் திருப்பினார்கள். தனியாகப் பார்த்தால் சுத்தமான வேலைதான். கடை அலமாரியில் பத்துப் பெட்டிகளுக்கு நடுவே வைத்தால் ஏதோ பெயர் தெரியாத மலிவுச் சரக்கு மாதிரி இருந்தது. இரண்டே மாதத்துக்குள் விற்பனை சுமார் 20 சதவீதம் சரிந்து, பிப்ரவரியிலேயே பழைய பெட்டிக்குத் திரும்புவதாக அறிவித்தார்கள். அந்தப் புதுப் பெட்டியில் ஒன்று மட்டும் அருமை: பாதி ஆரஞ்சு வடிவில் செய்த மூடி. திருகும்போது பழத்தைப் பிழிவது போலவே இருக்கும். அதை யோசித்தவர் பெட்டியைக் கையில் பிடித்துப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

2008இல் பிரிட்டன் அரசின் கொள்முதல் அலுவலகம் ஒன்று ஓ, ஜி, சி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் புது லோகோ போட்டது. நேராக வைத்தால் ஒரு குறையும் இல்லை. பக்கவாட்டில் திருப்பினால் பெரியவர்கள் முன்னால் விவரிக்க முடியாத ஒரு மனித உருவம் தெரிந்தது. பேனாவிலும் மவுஸ் பேடிலும் அச்சடிக்கிற லோகோ எல்லாப் பக்கமும் திரும்பத்தானே செய்யும்?

அதனால் நான் எதையும் கம்ப்யூட்டரில் பார்த்து ஓகே சொல்வதில்லை. நிஜ அளவில் பிரின்ட் எடுத்துச் சுவரில் ஒட்டுவேன், தலைகீழாகவும் ஒட்டுவேன். அப்புறம் அந்த வேலையைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவரைக் கூப்பிட்டு, “முதலில் எதைப் படித்தீர்கள்?” என்று மட்டும் கேட்பேன். அவர் லோகோவைச் சொன்னால் பக்கத்தை மறுபடி பிரித்துப் போடுவேன்.