நாலாம் வளையம் அசையாமல் நின்ற சீசன்

செப்டம்பர் கடைசி ஞாயிறு, சாயங்காலம். சீசனின் கடைசி ஆட்டம் முடிந்து எல்லோரும் டீ குடிக்க ஷெட்டுப் பக்கம் போய்விட்டார்கள். நான் எங்கள் குரோக்கே லானின் நாலாம் வளையத்தின் முன் மண்டியிட்டு இரண்டு கால்களையும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். அசைவே இல்லை. இடைவெளி அளக்கும் கேஜை உள்ளே விட்டேன். ஆகஸ்ட் ஆரம்பத்தில் வைத்த அதே 1/32 அங்குல இடைவெளி, கொஞ்சமும் மாறாமல் இருந்தது. இத்தனை சீசனாக இந்த ஒரு வளையத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். அதனால் டீயை மறந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

குரோக்கே என்பது, மேலட் என்ற நீளப் பிடி மரச் சுத்தியால் பந்தை அடித்து, லானில், அதாவது புல்தரையில், கவிழ்த்த U மாதிரி நட்டிருக்கும் ஆறு வளையங்களுக்குள் வரிசையாக விடும் ஆட்டம். எங்கள் குரோக்கே கிளப் தென் இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில், பூங்காவுக்குப் பின்னால் இருக்கிறது. இரண்டு லான், ஒரு ஷெட், ஒரு தண்ணீர்க் குழாய், அவ்வளவுதான். சம்பளத்துக்கு ஆள் கிடையாது. புல் வெட்டுவது முதல் வளையம் நடுவது வரை உறுப்பினர்கள் கைவேலைதான். 2018இல் சேர்ந்தேன். அடுத்த வருஷமே லான் பொறுப்பு என்னிடம் வந்துவிட்டது.

ஆடுகிறவர்களுக்கு விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காக ஒரு வரி: பந்தின் விட்டம் 3⅝ அங்குலம், எடை 454 கிராம். வளையத்துக்கு நாங்கள் வைக்கும் இடைவெளி அதைவிட 1/32 அங்குலம்தான் கூட. உங்கள் பர்ஸில் இருக்கும் ஏடிஎம் கார்டின் தடிமன் கிட்டத்தட்ட அவ்வளவு. வளையம் இறுக்கமாக நின்றால், கோணலாக வந்த பந்தைத் தடுத்துவிடும். கால் லேசாக ஆடினால் அதே பந்து நெருக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடும். அளந்து அடித்தவருக்கும் குத்துமதிப்பாக அடித்தவருக்கும் ஒரே பலன். எனக்கு இதுதான் பொறுக்காது.

2018 கோடையில் மழையே இல்லை. லான் பழுப்பாகிப் பாய் விரித்த மாதிரி கிடந்தது. பந்தைத் தொட்டால் ஓடும். லானின் வேகத்தை நாங்கள் விநாடியில் சொல்வோம். 35 கஜ நீளத்தில் ஒரு முனையில் அடித்த பந்து மறுமுனைக் கோட்டில் வந்து நிற்க எத்தனை விநாடி ஆகிறது என்பதுதான் கணக்கு. விநாடி கூடினால் தரை வேகமானது என்று அர்த்தம். மெதுவாகத் தட்டினாலே போதும், அதனால்தான் நேரம் கூடுகிறது. இது எனக்குப் பிடிபடவே ஒரு மாசம் ஆனது. அந்தத் தரையில் பழகிய கையை வைத்துக்கொண்டு அடுத்த வருஷ ஈரத் தரையில் எல்லா அடியும் பாதியில் நின்றது.

2019இல் புழு. இங்கே லெதர்ஜாக்கெட் என்பார்கள், நீளக்கால் ஈ ஒன்றின் புழுப் பருவம். கோடைக் கடைசியில் அந்த ஈ முட்டை போடும். குளிர்காலம் முழுக்க, வசந்தம் வரைக்கும், புழு புல்லின் வேரைத் தின்னும். அதைத் தேடி வரும் காக்கைகள் லானைக் கொத்திக் கிழங்கு தோண்டிய நிலம் மாதிரி ஆக்கிவிடும். முன்பு இதற்கு அடித்த குளோர்பைரிஃபாஸ் மருந்து 2016இலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. நாங்கள் பழைய வழிக்குப் போனோம். ராத்திரி லானை நனைத்துக் கறுப்புப் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடுவது, விடிந்ததும் உருட்டி எடுப்பது. மேலே ஏறி வந்த புழுக்கள் சாம்பல் நிறத்தில் நூற்றுக்கணக்கில் நெளிந்துகொண்டிருந்தன. பெருக்கி அள்ளினோம், மிச்சத்தைப் பறவைகள் பார்த்துக்கொண்டன. இப்போது இலையுதிர் காலத்தில், மண் குளிர்வதற்குள், நெமடோட் (இந்தப் புழுக்களைக் கொல்லும் கண்ணுக்குத் தெரியாத நூற்புழு) கலந்த தண்ணீர் விடுகிறோம். ஒரு வருஷம் தவறினாலும் பழையபடி ஆகிவிடும்.

2020இல் மார்ச்சில் கொரோனாவால் எல்லாம் மூடியது. மே 13 முதல் வெளியாள் ஒருவரோடு மட்டும் வெளியில் ஆடலாம் என்றார்கள். அதுவரை தனியாகப் போய்ப் புல் வெட்டிவிட்டு வருவேன். அப்படி ஒரு நாள் ஷெட்டைச் சுத்தம் செய்யும்போதுதான் அலமாரியின் அடித்தட்டில், சிவப்பு அட்டை போட்ட கணக்கு நோட்டு கிடைத்தது. எனக்கு முன்பு லானைக் கவனித்தவர்கள் வாராவாரம் எழுதி வைத்த குறிப்புகள். எந்தத் தேதியில் புல் வெட்டினார்கள், எத்தனை மூட்டை மண், யார் வரவில்லை, மழை எத்தனை நாள். பக்கத்துக்குப் பக்கம் ஒரு வரி மட்டும் கையெழுத்து மாறி மாறி வந்துகொண்டே இருந்தது: "நாலு மறுபடியும் லூஸ்."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நான் பொறுப்பு எடுத்த நாளிலிருந்து நாலாம் வளையம்தான் முதலில் ஆடும். என் கை சரியில்லை என்றே நினைத்திருந்தேன். எனக்கு முன்னால் இருந்த அத்தனை பேரும் இதே வளையத்தோடு போராடியிருக்கிறார்கள்.

பழைய கிளப் கதைகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் அந்த நோட்டால்தான் வந்தது. விம்பிள்டன் கதை நம்மில் பலருக்கு முழுசாகத் தெரியாது. 1868இல் ஆறு பேர் கூடி ஆரம்பித்தபோது அது ஆல் இங்கிலாண்ட் குரோக்கே கிளப். பெயரில் டென்னிஸே கிடையாது. வோர்ப்பிள் ரோட்டில் நாலு ஏக்கர் நிலத்தை வாடகைக்கு எடுத்து 1870இல் குரோக்கே போட்டி நடத்தினார்கள். 1875இல்தான் டென்னிஸ் உள்ளே வந்தது. 1877இல், மட்டக்குதிரை பூட்டி இழுக்கும் ரோலர் பழுதாகி, அதைச் சரிசெய்யும் பணத்துக்காக டென்னிஸ் போட்டி வைத்ததாகச் சொல்வார்கள். 22 பேர் ஆடினார்கள், ஸ்பென்சர் கோர் ஜெயித்தார். 1882இல் குரோக்கேயைப் பெயரிலிருந்தே எடுத்துவிட்டு, 1899இல் மறுபடி சேர்த்தார்கள். நம் ராமநாதன் கிருஷ்ணன் 1960லும் 1961லும் அரையிறுதி ஆடிய கிளப்பின் பெயரில் குரோக்கே இன்றும் இருக்கிறது. ரோலர் பிடித்துத் தள்ளுகிறவன் என்ற முறையில் இதில் எனக்குத் தனிப் பெருமை உண்டு.

2021இல் மார்ச் 29 அன்று வெளியில் ஆட மறுபடி அனுமதித்த பிறகு கூட்டம் வந்தது. இடைவெளி விட்டு நின்று ஆடக்கூடிய விளையாட்டு என்பதால் புதுசாக நிறையப் பேர் சேர்ந்தார்கள். சந்தோஷம்தான். ஆனால் வளையத்தைச் சுற்றிப் புல் தேய்ந்து குழி விழுந்தது. அந்த வருஷத்தைப் பற்றிச் சொல்ல வேறு பெரிதாக ஒன்றுமில்லை.

2022தான் அழவைத்தது. ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரின் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி. எங்கள் லானின் களிமண்ணில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. ஆகஸ்டில் குழாய்த் தண்ணீர் விடவும் தடை வந்துவிட்டது. வளையத்தின் மண்ணுக்குள் போகும் பகுதியைக் கேரட் என்போம், கூம்பாக இருக்கும். மண் சுருங்கியதும் கேரட்டைச் சுற்றி இடைவெளி விழுந்து வளையம் பல் ஆடுவது போல ஆடியது. அந்த நேரத்தில் வெளியூர் அணியோடு ஒரு லீக் ஆட்டம். எங்கள் ஆள் நாலாம் வளையத்தை நோக்கிச் சாய்கோணத்தில் அடித்தார். பந்து வலது காலில் மோதி, கால் விலகி, உள்ளே உருண்டு போய்விட்டது. நாங்கள் ஜெயித்தோம். எதிரணியில் ஒரு பெரியவர், எண்பதைத் தொட்டிருப்பார், என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: "உங்கள் வளையம் பந்துக்கு வழி விடுகிறது." குறை சொல்லும் தொனியே இல்லை. ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் பெரிய தப்பு செய்தேன். வெடித்த குழிகளில் எல்லாம் மணலைக் கொட்டினேன். காயும்போது சுருங்காது என்பது கணக்கு. 2023 ஜூலையில் விடாமல் மழை பெய்தது. மணல் ஈரத்தில் இளகி, வளையத்தை அடித்த அடியில் கீழே இறங்கியது, தட்டினால் சாய்ந்தது. வளையம் நடுகிற யாரும் குழியில் மணல் மட்டும் போடாதீர்கள். மணல் பிடிக்காது, நகரும்.

2024 செப்டம்பரில் மழைக்கு ஒதுங்கி ஷெட்டில் உட்கார்ந்து சிவப்பு நோட்டை மறுபடி புரட்டினேன். கடைசி அட்டையின் உள்பக்கத்தில் பென்சிலால் ஒரு வரைபடம், இதுவரை நான் கவனிக்காதது. லானின் தென்கிழக்கு மூலையில் குறுக்காக ஒரு கோடு, பக்கத்தில் "வடிகால்" என்று எழுதியிருந்தது. நாலாம் வளையத்தின் இடம் கிழக்கு எல்லையிலிருந்து 7 கஜம், தெற்கு எல்லையிலிருந்து 7 கஜம். அளந்து பார்த்தேன். கோடு நேராக அந்த இடத்தின் வழியாகத்தான் போகிறது. எப்போதோ வாய்க்கால் தோண்டிக் குழாய் பதித்து, சரளையும் கிடைத்த மண்ணும் போட்டு மூடியிருக்கிறார்கள். மற்ற ஐந்து வளையங்களும் கெட்டிக் களிமண்ணில் நிற்க, இது மட்டும் தூர்த்த பள்ளத்தின்மேல் நின்றிருக்கிறது. ஒரு அடி இந்தப் பக்கம், ஒரு அடி அந்தப் பக்கம் நான் நகர்த்தியதெல்லாம் அதே பள்ளத்துக்குள்தான்.

சீசன் முடிந்ததும் தோண்டினேன். குழாய்க்கு நல்ல உயரம் மேலேயே நிறுத்திக்கொண்டேன், அதைத் தொடக்கூடாது. பிறகு எதைப் போட்டு நிரப்புவது? கிரிக்கெட் பிட்ச் போடும் களிமண்தான் விடை. முதலில் ஒரு கடையில் பிட்ச் மண் என்று ஆர்டர் செய்தேன். வந்தது கல்லும் வேரும் கலந்த சாதாரணத் தோட்ட மண், திருப்பி எடுக்கவும் மாட்டோம் என்றுவிட்டார்கள். அன்றிலிருந்து ஒரு சோதனை வைத்திருக்கிறேன். ஈர மண்ணை எலுமிச்சை அளவு உருட்டி ஜன்னல் ஓரம் ஒரு வாரம் காயவைத்து, தரையில் வைத்துக் குதிகாலால் மிதிக்க வேண்டும். தோட்ட மண் பொடிப்பொடியானது. உள்ளூர் கிரிக்கெட் மைதானத்தைப் பராமரிப்பவர் கொடுத்த மண்ணை மிதித்தபோது குதிகால்தான் வலித்தது. அவரிடமே 25 கிலோ மூட்டை நாலு வாங்கினேன். பதிலுக்கு அவர்களுடைய ரோலரைத் தள்ள இரண்டு சனிக்கிழமை போனேன்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம், இடிக்கும் முறை. ஊரில் அப்பா வேலிக்கால் நடுவதைப் பார்த்திருக்கிறேன். பந்தக்கால் நடுவதும் அப்படித்தான். குழியை ஒரே தடவையில் மூடமாட்டார். ஒரு கை மண், கடப்பாரையின் மொண்ணை முனையால் சுற்றிச் சுற்றி இடி, இன்னொரு கை மண், மறுபடி இடி. கொஞ்சம் தண்ணீர் தெளிப்பார், ஊற்றமாட்டார். அதையே செய்தேன். 16 மில்லிமீட்டர் கட்டடக் கம்பியின் முனையைத் தட்டையாக அரைத்துக்கொண்டேன். மண்ணின் ஈரம்தான் சூட்சுமம். கையில் பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி பிடிபட வேண்டும், விரலில் ஒட்டக்கூடாது. இரண்டு அங்குல அடுக்கு, சத்தம் மாறும்வரை இடி. ஆரம்பத்தில் "பொத் பொத்" என்று கேட்கும், கெட்டியானதும் "டக் டக்" என்று மாறும். மாறிய பிறகுதான் அடுத்த அடுக்கு. ஒரு மூலைக்கு முழு நாள் ஆனது. மேலே பழைய புல்பத்தையை மூடி, குளிர்காலம் முழுக்க அப்படியே விட்டுவிட்டேன்.

2025 ஏப்ரலில் வளையம் நட்டபோது மகளும் வந்திருந்தாள். பந்து பிடித்துக்கொடுப்பது அவள் வேலை. எப்போதும் போலப் பெரிய பந்தைத் தேர்ந்தெடுத்து, அதற்கு 1/32 விட்டு வைத்தேன். சிவப்புப் பந்துதான் பெரியது. பந்து 3⅝ அங்குலத்துக்கு 1/32 கூடவோ குறையவோ இருக்க விதியில் அனுமதி உண்டு, ஆகவே நாலு பந்தும் நாலு அளவில் இருக்கலாம். அவள் அதை வளையத்துக்குள் உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, இது சரியான உருண்டையே இல்லப்பா. இப்படித் திருப்பினா போகுது, அப்படித் திருப்பினா உரசுது" என்றாள். உண்மைதான். எத்தனையோ வருஷமாக நான் பந்தை ஒரே பக்கமாகப் பிடித்தே அளந்திருக்கிறேன். பந்தைத் திருப்பித் திருப்பி, உப்பிய இடத்தைக் கண்டுபிடித்துச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள். அந்தக் கோட்டை இரண்டு காலுக்கும் நேராக வைத்துத்தான் இப்போது ஆறு வளையத்தையும் அளக்கிறோம்.

இந்த வருஷ வசந்தமும் கோடையும் காய்ந்துதான் போயின. மற்ற வளையங்களை ஜூனிலும் ஜூலையிலும் மறுபடி இறுக்க வேண்டி வந்தது. நாலை ஆகஸ்டில் தேய்மானத்துக்காக ஒரு அடி நகர்த்தினேன், அவ்வளவே. அந்த இடமும் இடித்த மண்ணுக்குள்தான் இருந்தது. ஜூலையில் அந்த வெளியூர்ப் பெரியவர் மறுபடி ஆட வந்தார். அவர் அடித்த பந்து நாலாம் வளையத்தின் வாயில் "டிக் டிக்" என்று இரண்டு காலிலும் மோதி நடுவிலேயே நின்றுவிட்டது. அவருக்கு அந்தப் பாயிண்ட் போனது. நிமிர்ந்து என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

இரண்டாம் லானில் பெக், அதாவது ஆட்டத்தின் முடிவில் பந்தை மோதவிடும் நடு முளை, லேசாகச் சாய்கிறது, அங்கேயும் தோண்ட வேண்டும். மண் இரண்டு மூட்டை மிச்சம் இருக்கிறது. நடுவில் சொந்தமாக மேலட் செய்யும் ஆசையும் வந்துவிட்டது. பழைய மேலட்களின் தலை லிக்னம் வைட்டே மரத்தில் இருக்கும், தண்ணீரில் போட்டால் மூழ்கும் மரம். அந்தக் கனத்துக்கு நம் கருங்காலியும் ஈடுகொடுக்கும் என்று தோன்றுகிறது. இரண்டு முகமும் ஒரே மாதிரி, இணையாக இருக்க வேண்டும் என்பது விதி, அதைக் கையால் இழைத்து எடுப்பதுதான் சவால். பிடிக்கு ஆஷ் மரம் பார்த்து வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால், வருகிற சனிக்கிழமை நெமடோட் விட வேண்டும், மண் இன்னும் சூடாக இருக்கிறது. சிவப்பு நோட்டில் இந்த வாரத்துக்கான வரியையும் எழுதிவிட்டேன்: "நாலு இறுக்கமாக இருக்கிறது."