சிவப்புக் கோழி

கோழி கொக்கரிக்கும்னு நினைச்சுத்தான் நான் வேலை பார்த்த கோழிக்கறி ப்ளான்ட்ல, உயிர்க்கோழி வர்ற அந்த ரூமுக்குள்ள போனேன். கேட்டது கீச்கீச்னு குஞ்சு சத்தம். ஒவ்வொண்ணும் ரெண்டு கிலோவுக்கு மேல இருக்கும், காலெல்லாம் என் கட்டைவிரல் தடிமன், ஆனா குரல் மட்டும் முட்டையை விட்டு வெளிய வந்த குரல். பக்கத்துல நின்ன சூப்பர்வைசர்கிட்ட கேட்டேன், "சின்னப் புள்ளைங்கதானே தம்பி, நாப்பது நாள்தான ஆகுது"ன்னு சொல்லிட்டு அவர் பாட்டுக்கு கிளவுஸ் மாட்டிக்கிட்டுப் போயிட்டார். பிராய்லர் 35லேர்ந்து 42 நாளுக்குள்ள வெட்டுக்கு வந்துரும்னு படிக்கும்போதே எனக்குத் தெரியும், பரீட்சையில எழுதி மார்க்கும் வாங்கியிருக்கேன். உடம்பு மட்டும் அவசரமா வளர்ற மாதிரி தலைமுறை தலைமுறையா பொறுக்கி எடுத்து உருவாக்கின இனம். அந்தக் குரலைப் பத்தி மட்டும் புஸ்தகத்துல ஒரு வரி கூட இல்ல.

அதுக்கு முன்னாடி ஒன்றரை வருஷம் அதே ப்ளான்ட்ல லேப்ல இருந்தேன். சில்லர்ல, அதாவது கறியைக் குளிர வைக்கிற இடத்துல இருந்து வர்ற கறி 4 டிகிரிக்குக் கீழ இருக்கான்னு பார்க்கணும், ஸ்வாப் எடுக்கணும், பாக்டீரியா டெஸ்ட் போடணும், ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடணும். என் பக்கம் வரும்போது அது "ஐட்டம்" ஆகியிருக்கும். கேன்டீன்ல மத்தியானம் சிக்கன், நைட் ஷிப்ட்னா அதுவும் சிக்கன், ஒரு குறையும் இல்லாம சாப்பிட்டேன். சுவருக்கு அந்தப்பக்கம், வெட்டுற இடத்துல, க்யூசி அதாவது தரம் பார்க்கிற வேலையில இருந்தவர் வேலையை விட்டுப் போனதும் என்னைத் தூக்கி அங்க போட்டாங்க, அவ்வளவுதான், நானா கேட்டுப் போகல.

அங்க வேலை எப்படி நடக்கும்னா, லாரியில இருந்து கூடை இறங்கும், ஹேங்கிங் ரூம்ல நாலஞ்சு பேர் வரிசையா நின்னு ஒவ்வொரு கோழியா எடுத்து ரெண்டு காலையும் ஓடுற ஷாக்கிள்ல, அதாவது இரும்புக் கொக்கியில, தலைகீழா மாட்டுவாங்க. அந்த ரூம்ல நீல லைட்தான் எரியும், நீல வெளிச்சத்துல கோழிக்கு சரியா கண்ணு தெரியாது, அதனால அதிகமா அடிச்சுக்காது. தொங்கிக்கிட்டே போகும்போது நெஞ்சு உரசுற மாதிரி நீளமா ஒரு பிளாஸ்டிக் ஷீட் இருக்கும், எதுலயோ சாஞ்சிருக்கோம்னு நினைச்சு அமைதியா வரும். அப்புறம் ஸ்டன்னர், அதாவது கரண்ட் ஓடுற தண்ணித் தொட்டி. தலை தண்ணியில முங்கினதும் கரண்ட் தலை வழியா உடம்புக்குள்ள போய் ஷாக்கிள் வழியா வெளிய வரும், கோழி நினைவு இழந்துரும். அடுத்தது கழுத்தை அறுக்கிற மெஷின் கத்தி. ரத்தம் வடிஞ்சு முடிஞ்சதும் 50லேர்ந்து 60 டிகிரிக்குள்ள இருக்கிற சுடுதண்ணித் தொட்டி, அதைத் தாண்டினா இறகு பிடுங்குற மெஷின். எல்லாம் சரியா நடந்தா கோழிக்கு ஒண்ணுமே தெரியாது. "சரியா நடந்தா"ங்கிற அந்த ரெண்டு வார்த்தைக்குத்தான் எனக்கு சம்பளம்.

மூணாவது நாள்னு நினைக்கிறேன், இறகு பிடுங்கி வர்ற இடத்துல வெளிர் மஞ்சளா வரிசையா போய்க்கிட்டிருந்த கோழிகளுக்கு நடுவுல ஒண்ணு மட்டும் செக்கச்செவேல்னு வந்துச்சு, யாரோ சாயத்துல முக்கி எடுத்த மாதிரி. ஏதோ நோய்க் கோழின்னு நினைச்சு டேக் போட எடுத்தேன். கழுத்தறுக்கிற மெஷினுக்கு அடுத்து கையில கத்தியோட நிப்பார் ஒரு அண்ணன், அவர் அந்நேரம் டீ பிரேக்குக்கு போறவர் பார்த்துட்டு நின்னார். "அது நோய் இல்ல தம்பி. கத்தியில மாட்டாம போயிருக்கு." எனக்குப் புரியல. "ரத்தம் வடியல. உயிரோட தண்ணிக்குள்ள போயிருச்சு"ன்னார். கையில இருந்தது இன்னும் சூடா இருந்துச்சு. தோல் முழுக்க ரத்தம் ஏறி நின்ன சிவப்பு அது.

அன்னிக்கு ஷிப்ட் முடியறதுக்குள்ள இன்னும் ரெண்டு வந்துச்சு. எங்க லைன் மணிக்கு 6000 ஓடும், பிரேக் எல்லாம் போக ஒரு ஷிப்ட்டுக்கு நாப்பதாயிரத்துக்கு மேல. ஃபார்ம்ல நான் எழுத வேண்டியது "நிராகரிப்பு: 3". சதவீதம் போட்டா பூஜ்யத்துக்குப் பக்கத்துல போய் நிக்கும். எந்த ஆடிட்டரும் அதைப் பார்த்து புருவம் தூக்க மாட்டார், தூக்கவும் இல்ல. எனக்கு மட்டும் அந்த 3ங்கிற எண் ரொம்ப நாள் வரைக்கும் எண்ணா தெரியல.

ஏன் விட்டுப்போகுதுன்னு தேட ஆரம்பிச்சேன், வேற என்ன பண்றதுன்னு தெரியாததாலயும்தான். காரணம் கேட்டா சப்புனு இருக்கும். ஒரே பண்ணையில இருந்து வர்ற கோழிகள்லயே பெருசும் சிறுசும் கலந்திருக்கும். சிறுசுக்குத் தலை தண்ணிக்கு எட்டாது, இல்லன்னா தலையைத் தூக்கிக்கும். சிலதுக்கு தலைக்கு முன்னாடி றெக்கை தண்ணியில பட்டு ஷாக் அடிச்சு துள்ளும், துள்ளினதுல தலை மேல போயிரும். நினைவோட வர்ற கோழி கத்திக்கிட்ட வந்து ஆடாம நிக்குமா? கழுத்து விலகிரும். அப்ப அந்த அண்ணன்தான் கடைசி ஆள். "மெஷின் விட்டதை நான் பிடிக்கணும், நான் விட்டா தண்ணி பிடிச்சுக்கும்"னு ஒரு தடவை சொன்னார். நிமிஷத்துக்கு நூறு கழுத்து கண்ணு முன்னாடி போகுது, மனுஷன் தும்மினா ரெண்டு போயிரும்.

ஒவ்வொரு லோடுக்கும் பண்ணையில இருந்து வர்ற எடைச் சீட்டை முன்னாடியே வாங்கிப் பார்த்து ஸ்டன்னர் உயரத்தை ஏத்தி இறக்க ஆரம்பிச்சோம். ஸ்டன்னர் தாண்டினதும் பத்து கோழிக்கு ஒண்ணா கண்ணைத் தொட்டுப் பார்ப்பேன், இமை அசைஞ்சா நினைவு இருக்கலாம்னு அர்த்தம். மூச்சு சீரா வருதான்னு வயிறு பக்கம் பார்ப்பேன், வந்தா அதுக்கும் அதே அர்த்தம்தான். முதல் வாரம் அந்த கண்ணைத் தொடறதுதான் எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு, ரத்தம் எல்லாம் ரெண்டு நாள்ல பழகிருச்சு. லைன் வேகத்தைக் கொஞ்சம் குறைங்கன்னு மீட்டிங்ல கேட்டேன், டார்கெட் போயிரும்னு சொல்லி ஒரே நிமிஷத்துல முடிச்சுட்டாங்க. அண்ணனுக்குப் பக்கத்துல இன்னொரு ஆள் போடறதுக்கு மட்டும் நாலு மாசம் கழிச்சு ஒத்துக்கிட்டாங்க. சிவப்பு குறைஞ்சுது. நின்னுச்சுன்னு சொன்னா பொய்.

அந்த சமயத்துலதான் டெம்பிள் கிராண்டின் பத்திப் படிச்சேன். அமெரிக்காவுல மாட்டு வெட்டுக்கூடங்களுக்கு வளைஞ்ச பாதை வடிவமைச்சவங்க. பாதையில தொங்குற ஒரு சங்கிலி, ஈரத்தரையில மின்னுற வெளிச்சம், வேலியில யாரோ மாட்டிட்டுப் போன கோட்டு, இது போதும் மாடு மிரண்டு நின்னுரும், மனுஷன் கண்ணுக்கு அது தெரியவே தெரியாதுன்னு இறங்கிப் பார்த்துச் சொன்னவங்க. நல்லா நடத்துறோம்னு வாயால சொல்றதை விட்டுட்டு, முதல் அடியிலேயே நினைவிழந்தது எத்தனை, கத்தினது எத்தனைன்னு எண்ணச் சொன்னாங்க. என் ஃபார்ம்ல இருந்த அந்த கட்டங்களுக்கெல்லாம் அர்த்தம் அப்பதான் பிடிபட்டுச்சு. ஆனா அமெரிக்காவுல 1958ல வந்த வதை குறைக்கிற சட்டத்தை கோழிக்குப் பொருத்துறதே இல்ல. உலகத்துல வருஷத்துக்கு 7000 கோடிக்கு மேல வெட்டப்படறது இந்தக் கோழிதான். அதை விட்டுட்டு என்ன சட்டமோ.

கறி சாப்பிடறதை நிறுத்தினேனான்னு எல்லாரும் கேப்பாங்க. மூணு மாசம் நிறுத்தினேன். அப்புறம் மறுபடி ஆரம்பிச்சேன், முன்ன மாதிரி தினமும் இல்ல. இதுல பெருமையா சொல்லிக்க ஒண்ணும் இல்ல. கறியை விட்டவங்களை நான் கிண்டல் பண்றதில்ல, அவங்க சொல்ற கணக்கு நேர்மையான கணக்கு. எனக்கு எரிச்சல் வர்றது வேற ஆளுங்க மேல. நான் எங்க வேலை பார்த்தேன்னு தெரிஞ்சதும் "அய்யய்யோ, எப்படிங்க மனசு வந்துச்சு"ம்பாங்க, வாயில லெக் பீஸ் இருக்கும். சொல்ல ஆரம்பிச்சா "சாப்பிடற நேரத்துல வேணாமே"ம்பாங்க. சாப்பிடாத நேரத்துல சொன்னா மட்டும் கேக்கப் போறாங்களா என்ன. பார்க்க மாட்டேன், கேக்க மாட்டேன், ஆனா வேணும்னா, பார்க்கிறது கேக்கிறது எல்லாத்தையும் சேர்த்து இன்னொருத்தன் தலையில கட்டிட்டு அவனையே கல்நெஞ்சக்காரன்னும் சொல்றது எந்த ஊர் நியாயம்னு எனக்குத் தெரியல.

அந்த அண்ணன் தன் பொண்ணு ஸ்கூல்ல அப்பா வேலைன்னு கேட்டதுக்கு "பேக்கிங்"னு எழுதச் சொல்லியிருக்கார். அதை என்கிட்ட சொல்லிட்டு சிரிச்சார், நானும் சிரிச்சேன், எதுக்குன்னு இப்ப யோசிச்சா புரியல. கையைத் திரும்பத் திரும்பக் கழுவுவார், கிளவுஸ் போட்ட கையைத்தான்.

அங்கிருந்து வந்து நாலு வருஷம் ஆச்சு. ஒரு பழக்கம் மட்டும் போகல. தட்டுல றெக்கைத் துண்டு விழுந்தா மூட்டுப் பக்கம் திருப்பிப் பார்ப்பேன். லேப்லயும் லைன்லயும் கத்துக்கிட்டது, அடிபட்ட இடம் சிவப்பா இருந்தா வெட்டுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி பட்ட அடி, பச்சை பாரிச்சிருந்தா ஒரு நாளுக்கு மேல பழசு, பண்ணையிலயே பட்டது. சமைச்சதுக்கப்புறம் அந்த நிறமெல்லாம் சரியா தெரியாதுன்னும் எனக்குத் தெரியும். போன வாரம் ஒரு விசேஷத்துல பக்கத்து இலைக்காரர் கேட்டார், "என்ன தம்பி, வேகலையா?"

"இல்லண்ணே, வெந்துருச்சு"ன்னு சொன்னேன்.