துருவும் மாவுக்கட்டும்

கங்கைகொண்டானில் நான் வேலை பார்க்கும் ஆலையில் நேற்று பழைய கழிவுநீர்க் குழாயைக் கழற்றினோம். வெளியே பெயிண்ட் புதுமாப்பிள்ளை போல மினுக்கியது. சுத்தியலால் ஒரு தட்டு. இரும்பு செதில் செதிலாக உதிர்ந்துவிட்டது. உப்பும் அமிலமும் கலந்த நீர் உள்ளேயிருந்தே தின்றிருக்கிறது.

அந்த இடத்தில் இப்போது கண்ணாடி இழைக் குழாய்; ரெசின் என்ற பிசினில் இழையைத் தோய்த்து இறுகச் செய்தது. அதே அளவு தண்ணீரைவிட எஃகு கிட்டத்தட்ட 8 மடங்கு கனம். இது 2 மடங்கைத் தாண்டாது. இரும்பாக இருந்தபோது செயின் பிளாக் என்ற சங்கிலிக் கப்பி கட்டித் தூக்கிய நீளத்தை இப்போது நான்கு பேர் தோளிலேயே சுமந்து வந்துவிட்டோம், சப்பரம் தூக்குவதுபோல.

வெல்டர் அண்ணாச்சிக்குத்தான் முகமே சரியில்லை. 30 வருடம் பொறி பறக்க வேலை பார்த்தவர். இதில் இணைப்புக்கு நெருப்பே கிடையாது. முனையைச் சுரண்டி, ரெசினில் நனைத்த இழைப் பாயைச் சுற்றி, உருளையால் காற்றை நீக்கி, இறுகும்வரை காத்திருக்க வேண்டும். “என்னடே, ஒடிந்த காலுக்கு மாவுக்கட்டுப் போடுகிற கதையாக அல்லவா இருக்கிறது!” என்றார்.

அவர் பிழைப்புக்கு ஒன்றும் ஆகாது. நீராவிக் குழாயின் சூட்டை இந்த ரெசின் தாங்காது, அங்கே எஃகுதான். இழைக் குழாய்மேல் உயரத்திலிருந்து ஒரு ஸ்பானர் விழுந்தால்கூட வெளியே தெரியாமல் உள்ளே விரிசல் விடலாம். நம்மூர் வெயிலுக்கு மேல்பூச்சும் வேண்டும்.

கழற்றிய இரும்பைக் காயலான் கடைக்காரர் பேரம் பேசி எடை போட்டு எடுத்துப்போனார். மிச்சமான இழைத் துண்டுகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.